டைரக்டரியில் சைட் ஏறவில்லையா? கொங்கு நாட்டு வெப் டிசைனர்களுக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ கோவையில் பம்ப் செட் கம்பெனிக்கோ வெப்சைட் பார்த்துக்கொடுப்பவர்கள், ஏதோ ஒரு நாள் முதலாளியிடமிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டே தீர்வார்கள்: "ஏனுங்க தம்பி, அந்த டைரக்டரில நம்ம கம்பெனி பேரு இன்னும் வரலீங்களா?" வெப்சைட்டுகளைப் பிரிவு பிரிவாகப் பட்டியலிடும் இணைய டைரக்டரியைத்தான் சொல்கிறார். படிவம் நிரப்பி மாதங்கள் ஓடியிருக்கும். ஏற்றுக்கொண்டோம் என்றும் பதில் வராது, தள்ளிவிட்டோம் என்றும் வராது. மறுபடி அனுப்பினாலும் அதேதான்.

இந்த எரிச்சலில் பாதி, அந்தப் படிவத்தை நாம் தாலுகா ஆபீஸ் மனுவாக நினைப்பதில் வருகிறது. மனு கொடுத்தால் நம்பர் உண்டு, கெடு உண்டு, பதில் வராவிட்டால் கலெக்டர் ஆபீஸில் போய்ச் சொல்ல வழி உண்டு. தன்னார்வலர்கள் தொகுக்கும் டைரக்டரியில் இவை எதுவும் கிடையாது. நீங்கள் அனுப்புவது ஒரு யோசனை, அவ்வளவுதான். ஒரு பிரிவைக் கவனிக்கும் தன்னார்வலர்தான் எடிட்டர். அவருக்கு விதி சொல்லும் வேலை தன் பிரிவை நல்ல தளங்களால் நிரப்புவது. வந்து குவிந்ததைத் தீர்த்துவைப்பது அவர் கடமை அல்ல. தானே தேடிச் சேர்க்கலாம், குவியலைத் தொடாமலே இருக்கலாம். சம்பளமும் இல்லை. ஆகவே நம் கையில் இருப்பது ஒன்றுதான்: அவர் என்றைக்கோ ஒரு நாள் நம் பரிந்துரையைத் திறக்கும்போது, இரண்டு நிமிடத்தில் "சரி" சொல்கிற மாதிரி சைட்டையும் வாசகத்தையும் வைத்திருப்பது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

இதற்கு இன்று எவ்வளவு நேரம் செலவழிக்கலாம்?

இவ்வகை டைரக்டரிகளில் பெரியதாக இருந்தது டிமோஸ். 1998-ல் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் தொடங்கியது. அதே ஆண்டில் பிரவுசர் கம்பெனியான நெட்ஸ்கேப் அதை வாங்கிக்கொண்டது. தன் தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று டிமோஸ் திறந்துவிட்டதால், அங்கே ஒருமுறை ஏறிய பேர் அதை நகலெடுத்த எத்தனையோ தளங்களிலும் தானாக வந்தது. கூகுளே 2000-லிருந்து தன் டைரக்டரியை டிமோஸ் தரவை வைத்து நடத்தி, 2011-ல் மூடியது. வெப் டிசைனர்கள் டிமோஸை அப்படித் துரத்தியதற்குக் காரணம் இதுதான். யாஹூ டைரக்டரியில் வணிகத் தளங்களுக்கு ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம் இருந்தது. அதுவும் 2014 டிசம்பரோடு போனது. டிமோஸ் 2017 மார்ச் 17 அன்று மூடப்பட்டது. அப்போது அதில் 38 லட்சத்துக்கு மேல் தளங்களும் 10 லட்சத்துக்கு மேல் பிரிவுகளும் இருந்தன. அதன் எடிட்டர்கள் சிலர் அதே அமைப்பை கர்லி என்ற பேரில் தொடர்கிறார்கள்.

கர்லியில் ஏறினால் கூகுள் முதல் பக்கம் நிச்சயம் என்று யாராவது சொன்னால், அவர் 2005-லேயே நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதர் பார்த்துச் சேர்த்த, இலவசமான, சுத்தமான ஒரு இணைப்பு கிடைக்கும். அது நல்லதுதான். ஒரு சைட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்திலும் முக்கால்வாசி சைட்டைச் சரிசெய்வதில் போகட்டும். டைரக்டரியில் ஏறாவிட்டாலும் அந்த வேலை வீண்போகாது.

(பழைய சைட்டுகளின் கோடில் ‘நோ ஓடிபி’ (NOODP) என்றொரு மெட்டா டேக் இன்னும் கிடக்கும். டிமோஸில் உள்ள விளக்கத்தை எடுத்துத் தேடல் முடிவில் காட்டாதே என்று சொல்லும் டேக் அது. டிமோஸே இல்லாத பிறகு அதற்கு வேலை இல்லை. கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள்.)

அனுப்புமுன்: எடிட்டரின் கண்ணால் சைட்டைத் திறங்கள்

எடிட்டர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பார். நம் பக்கத்து ஹோஸ்டிங்குகள் சில, ஹேக்கிங்குக்குப் பயந்து வெளிநாட்டு ஐபி முகவரிகளை மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கும். கோவையில் பளிச்சென்று திறக்கும் சைட் ஜெர்மனியில் 403 பிழை (அனுமதி இல்லை) காட்டும். எடிட்டர் அதைச் செத்த சைட் என்று நினைத்துத் தள்ளிவிடுவார், நமக்கு அது தெரியவே தெரியாது. "நல்ல சைட்டுதான், ஏன் ஏறல" என்கிற பல புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதை. விபிஎன் (வேறு நாட்டிலிருந்து திறப்பதுபோல் காட்டும் சேவை) போட்டு ஐரோப்பாவிலிருந்து ஒருமுறை, அமெரிக்காவிலிருந்து ஒருமுறை திறந்து பாருங்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் போனில் திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வது இன்னும் சுலபம். தடுப்பு இருந்தால் ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி எடுக்க வையுங்கள். அட்மின் லாகின் பக்கத்துக்கு மட்டும் தடுப்பு போதும்.

அடுத்தது எஸ்எஸ்எல், அதாவது சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ். இலவசச் சான்றிதழ்கள் பெரும்பாலும் 90 நாளில் காலாவதியாகும். சர்வரில் குறித்த நேரத்தில் ஓடி அதைத் தானாகப் புதுப்பிக்கும் க்ரான் வேலை நின்றுபோனால், எடிட்டர் வரும் நாளில் சிவப்பு எச்சரிக்கைப் பக்கம்தான் தெரியும். அதைத் தாண்டி உள்ளே வர அவருக்கு எந்த அவசியமும் இல்லை. முகவரியை மூன்று டபிள்யூவோடும் இல்லாமலும் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு, 301 வகைத் திருப்பலில் (ஒரு முகவரியை இன்னொன்றுக்கு நிரந்தரமாக அனுப்பிவிடும் முறை) போக வேண்டும்.

கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த ஒரு பக்க வெப்சைட்டை மட்டும் வைத்திருந்த கடைகள் ஈரோடு, கரூர்ப் பக்கம் ஏராளம். கூகுள் அந்த வசதியை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. சில மாதம் அந்த முகவரி வணிகப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, ஜூனுக்குப் பிறகு அதுவும் இல்லை. முதலாளி கொடுக்கும் விசிட்டிங் கார்டில் இன்னும் அந்தப் பழைய முகவரி அச்சாகியிருக்கும். அதை அப்படியே படிவத்தில் போட்டால் செத்த இணைப்பை அனுப்பியதாக ஆகும்.

பிறகு உள்ளடக்கம். திரும்பிப்போகும் சைட்டுகளில் பெரும்பாலானவை இங்கேதான் சிக்குகின்றன.

முகப்பில் கேட்டலாக்கை ஸ்கேன் செய்து ஒரே படமாக ஒட்டிய சைட்டில் எடிட்டருக்குப் படிக்க எதுவும் இல்லை. பிரவுசரின் மொழிபெயர்ப்புக் கருவியும் பெரும்பாலும் படத்தைத் தொடாது. பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழில் சைட் வைத்திருப்பதே பெருமை என்று சொல்லிக்கொண்டு இப்படி வைத்தால், தமிழ் தெரிந்த எடிட்டராலும் அதைச் சேர்க்க முடியாது. யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு, ஆனால் ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ வரும் இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

"விரைவில்" என்று போட்ட பக்கம் ஒன்று இருந்தாலும் அதை மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டி முடியாத சைட்டை அனுப்பக்கூடாது என்பது டிமோஸ் காலத்திலிருந்தே எழுதப்பட்ட விதி.

இதைவிடப் பெரிய வினை டெம்ப்ளேட் வாசகம். ஒரே டிசைனர் முப்பது எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒரே டெம்ப்ளேட்டில் சைட் செய்திருப்பார். "நாங்கள் முன்னணி உற்பத்தியாளர்கள்" என்று தொடங்கும் பத்தியில் கம்பெனி பேர் மட்டும் மாறும். படங்களிலும் அதே வெளிநாட்டு மாடல்கள். அந்தப் பத்தியின் ஒரு வரியைத் தேடலில் போட்டால் முப்பது சைட்டும் வரிசையாக வந்து நிற்கும். தனி உள்ளடக்கம் இல்லை என்று எடிட்டர் ஒதுக்குவார். அவர் செய்வது சரிதான்.

தனி உள்ளடக்கம் என்றால் கவிதை வேண்டியதில்லை. பனியன் கம்பெனி என்றால் எந்த ரகத் துணி, சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா ரிப்பா, எந்த ஜிஎஸ்எம்மிலிருந்து (துணியின் எடை அளவு) எது வரை, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரின்டிங்கில் எது சொந்த யூனிட், எது ஜாப் ஒர்க், குறைந்த ஆர்டர் எத்தனை பீஸ், என்னென்ன சான்றிதழ். வெட் கிரைண்டர் என்றால் டில்டிங்கா டேபிள் டாப்பா, எத்தனை லிட்டர், எத்தனை கல், மோட்டார் எத்தனை ஹெச்பி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கட்டுகிறவர் என்றால் எந்த லாரி சேஸிஸில் கட்டுகிறார், எத்தனை அடி வரை இறங்கும், என்ன அளவுத் துளை. இதையெல்லாம் முதலாளி பத்து நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்வார். கேட்டு எழுதுகிறவர்கள்தான் குறைவு. ஃபோட்டோவும் அவர்கள் யூனிட்டில் போனில் எடுத்ததே போதும்.

சிஸ்டர் கன்சர்ன் விஷயத்தையும் பார்க்க வேண்டும். நம் பக்கம் ஒரு குடும்பத்துக்கு மூன்று பேரில் கம்பெனி இருக்கும்: அண்ணன் பேரில் நிட்டிங், தம்பி பேரில் எக்ஸ்போர்ட், அப்பா பேரில் பழைய மில். மூன்றுக்கும் மூன்று டொமைன், மூன்றிலும் ஒரே முகவரி, ஒரே போன், ஒரே படம். மூன்றையும் வாரத்துக்கொன்றாக அனுப்பினால் ஒரே சைட்டின் பிரதிகளைத் திணிக்கிறார்கள் என்று தோன்றும். ஒன்றுக்குப் பதில் மூன்றும் வெளியே போகும். முக்கியமான ஒன்றை மட்டும் அனுப்புங்கள். மற்றவற்றை அதற்குள் தனிப் பக்கங்களாக வைக்கலாம். தொழில் உண்மையிலேயே வேறு என்றால் (ஒன்று மில், இன்னொன்று பொள்ளாச்சியில் கயிறு யூனிட்) இரண்டு பரிந்துரை நியாயம்.

கடைசியாக முகவரி. தெரு, ஊர், பின்கோடு, எஸ்டிடி எண்ணோடு போன். இமெயில் படிவம் மட்டும் இருந்தால் போதாது. எந்த ஊர்ப் பிரிவில் சேர்ப்பது என்று எடிட்டருக்குத் தெரிய வேண்டும், உண்மையான கம்பெனிதானா என்றும் தெரிய வேண்டும். அம்மன் பேரிலும் முருகன் பேரிலும் நம் வட்டாரத்தில் எத்தனை டெக்ஸ், எத்தனை மில்ஸ் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது முகவரிதான்.

எந்தப் பிரிவு?

தவறான பிரிவில் போட்ட பரிந்துரையை எடிட்டர் வேறு பிரிவுக்கு நகர்த்துவார். அங்கே அது இன்னொரு குவியலில் போய் உட்காரும். முதலிலேயே சரியாகப் போடுவதுதான் நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஒரே வழி.

வணிகத் தளங்களுக்கு இரண்டு கிளைகள்: ஒன்று தொழில்வாரி, இன்னொன்று ஊர்வாரி. உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கான லாட்ஜ், பள்ளி, மருத்துவமனை, கல்யாண மண்டபம் எல்லாம் ஊர்வாரிக் கிளையில்: ஆசியா, இந்தியா, தமிழ்நாடு, பிறகு ஊர். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குத் தொழில்வாரி பொருந்தும். எந்தக் கிளையானாலும் இறங்கக்கூடிய கடைசிப் பிரிவு வரை இறங்குங்கள். "வணிகம்" என்ற தலைப்பிலேயே போடுவது, போடாமல் இருப்பதற்குச் சமம்.

ஊர் என்றால் கதவு எண் இருக்கும் ஊர். அவிநாசியில் யூனிட் இருந்தால் அவிநாசிதான். கோவை பெரிய ஊர் என்பதற்காக அங்கே போடக்கூடாது. சென்னையில் ஒரு சேல்ஸ் ஆபீஸ் இருப்பதால் சென்னைப் பிரிவும் கிடைத்துவிடாது.

மாவட்டம் சம்பந்தமாக நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் வந்தது. அதற்கு முன் அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் கோவை மாவட்டம், காங்கேயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டம். நாமக்கல் 1997 வரை சேலத்தோடும், கரூர் 1995 வரை திருச்சியோடும் இருந்தன. டைரக்டரிகளின் பிரிவுகள் பலவும் 2009-க்கு முன்னால் போட்டவை. அதோடு பின்கோடு மாவட்டத்தைப் பார்த்து மாறுவதில்லை: காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இன்றும் 638-ல் தொடங்கும் எண்தான், ஈரோட்டுக்கும் அதேதான். வெளிநாட்டு எடிட்டர் இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்புவார். சைட்டின் தொடர்புப் பக்கத்தில் ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் எழுதிவிட்டால் குழப்பம் தீரும். ஆங்கிலத்தில் திருப்பூரை ஒரு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். சைட்டுக்குள் ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள், டைரக்டரியில் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

சைட் தமிழில் இருந்தால் உலக மொழிகள் கிளையில் தமிழ்ப் பகுதிக்குப் போகும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முழு உள்ளடக்கம் இருந்தால், ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய கிளையில் தனியாகப் பரிந்துரைக்கலாம். முகப்பில் "வணக்கம்" என்று ஒரு வரி மட்டும் தமிழில் இருந்தால் அது தமிழ் சைட் ஆகாது.

தலைப்பும் விளக்கமும்

தலைப்பு என்றால் கம்பெனியின் பேர், அவ்வளவே. பேருக்குப் பின்னால் கோடு போட்டு "கோவையின் சிறந்த பம்ப் செட் டீலர்" என்று ஒட்டினால் எடிட்டர் வெட்டுவார், அல்லது வெட்டச் சோம்பல்பட்டு மொத்தத்தையும் ஒதுக்குவார். ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாமே பெரிய எழுத்தில் வேண்டாம். ஆச்சரியக்குறி எங்குமே வேண்டாம்.

விளக்கம் 25 முதல் 30 சொல்லுக்குள். அதில் இரண்டு கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: இவர்கள் என்ன செய்கிறார்கள், இந்த சைட்டில் என்ன பார்க்கலாம். பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒரு நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். முதலாளி எழுதித் தருவது இப்படி இருக்கும்:

"பவானியின் நம்பர் 1 ஜமக்காளம்! மூன்று தலைமுறை நம்பிக்கை! தரத்தில் சமரசம் இல்லை! நியாயமான விலை! உலகம் முழுதும் டெலிவரி! இன்றே அழையுங்கள்!"

எடிட்டருக்கு இதில் உதவுகிற சொல் "பவானி"யும் "ஜமக்காளமும்" மட்டும். மற்றதெல்லாம் அவர் நீக்கவேண்டிய வேலை. இப்படி மாற்றலாம்:

"பவானியில் கைத்தறி ஜமக்காளமும் பந்தி ஜமக்காளமும் நெய்யும் நிறுவனம். அளவுகள், நிறங்கள், விலைப்பட்டியல், நெசவுக்கூடப் படங்கள், மொத்த ஆர்டருக்கான விவரங்கள் உள்ளன."

"நாங்கள்", "எங்கள்" இல்லை. "சிறந்த", "முன்னணி", "தரமான", "குறைந்த விலை" இல்லை. போன் நம்பர் இல்லை. ஒரே பொருளை நான்கு பேரில் அடுக்கி எழுதும் வேலையும் (பனியன், டி-ஷர்ட், நிட்வேர், ஹோசியரி, கார்மெண்ட்ஸ்) இல்லை. எடிட்டர் எதையும் திருத்தாமல் அப்படியே ஏற்றக்கூடிய வாசகம் என்றால், அது அவருக்கு அரை நிமிட வேலை. அவர் சோர்ந்திருக்கும் ராத்திரியிலும் அரை நிமிட வேலையைச் செய்துவிட்டுத்தான் படுப்பார்.

புவிசார் குறியீடு விஷயத்தில் கவனம் வேண்டும். பவானி ஜமக்காளம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், ஈரோடு மஞ்சள் போன்றவற்றுக்குக் குறியீடு உண்டு என்பதை விளக்கத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குறியீடு பொருளுக்கு. அதைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளரா என்பது வேறு கேள்வி. பதிவு இருந்தால் சைட்டில் ஆதாரத்தோடு போடுங்கள், விளக்கத்தில் தேவையில்லை.

முதலாளிக்கு இந்த வறண்ட வாசகம் பிடிக்காது. "என்னங்க தம்பி, நம்மளப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களே" என்பார். விளம்பரத்தை சைட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விடுங்கள்.

அனுப்புவது, பிறகு சும்மா இருப்பது

முதலில் டைரக்டரியின் தேடலில் டொமைனைப் போட்டு, சைட் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள். பழைய கம்பெனிகள் டிமோஸ் காலத்திலேயே ஏறியிருக்கக்கூடும். இல்லை என்றால், தேர்ந்தெடுத்த பிரிவின் பக்கத்திலிருந்தே பரிந்துரைப் படிவத்தைத் திறங்கள். சில மேல்மட்டப் பிரிவுகளில் அந்த இணைப்பு இருக்காது, கீழே இறங்க வேண்டும். முகவரி, தலைப்பு, விளக்கம், இமெயில், சரிபார்ப்பு எழுத்துகள், அவ்வளவுதான். அனுப்பியதும் தேதி, பிரிவு, தலைப்பு, விளக்கம் நான்கையும் ஒரு ஷீட்டில் எழுதிவைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

பிரிவுக்கென்று எடிட்டர் பேர் போட்டிருக்கவில்லை என்றால் கைவிடப்பட்ட பிரிவு என்று முடிவு கட்ட வேண்டாம். மேல்பிரிவின் எடிட்டருக்குக் கீழே உள்ள எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்ய அதிகாரம் உண்டு.

மாதாமாதம் மறுபடி அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் காரியம், கெடுதலும் அதுதான். டிமோஸ் இருந்த காலத்தில் இரண்டாவது பரிந்துரை முதலாவதன் மேல் எழுதிவிடும், தேதியும் புதிதாகிவிடும். பழையதிலிருந்து பார்த்துவரும் எடிட்டரின் வரிசையில் நீங்கள் கடைசிக்குப் போவீர்கள். பல பிரிவுகளில் ஒரே சைட்டைப் போட்டால் அது ஸ்பாம் கணக்கு. முகவரி மாறியிருந்தால், அல்லது முதலில் போட்ட பிரிவு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

எத்தனை நாள் ஆகும் என்றால், யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாளிலும் ஏறும், இரண்டு வருடத்திலும் ஏறாமல் இருக்கும். அதனால் கொட்டேஷனில் "டைரக்டரி லிஸ்டிங்" என்று எழுதாதீர்கள். "டைரக்டரிக்குப் பரிந்துரை அனுப்புதல்: ஒரு முறை" என்று எழுதுங்கள். கைமீறிய காரியத்தை உறுதி சொல்லி அதற்குக் காசும் வாங்கிவிட்டால், பிறகு போனை எடுக்கவே தயக்கமாகிவிடும்.

காசு கேட்டால்

"நான் அந்த டைரக்டரி எடிட்டர், இவ்வளவு கொடுத்தால் ஏற்றிவிடுகிறேன்" என்று யாராவது எழுதினால், ஒன்று அவர் எடிட்டரே இல்லை, அல்லது பிடிபட்டால் பதவி போகிற எடிட்டர். இரண்டிலும் உங்கள் பணமும் போகும், சைட் பேரும் கெடும். இந்த டைரக்டரிகளில் பட்டியலிட எந்தக் கட்டணமும் கிடையாது. மெயிலை அப்படியே டைரக்டரியின் முறைகேடு புகார் பகுதிக்கு அனுப்பலாம். போட்டிக் கம்பெனிக்காரரே எடிட்டராக இருந்து உங்களைத் தடுக்கிறார் என்ற சந்தேகத்துக்கும் அதே இடம்தான். ஆனால் ஆதாரம் வேண்டும்: உங்களைப் போன்ற சைட்டுகள் நீக்கப்பட்டு அவருடையது மட்டும் நிற்பதைக் காட்டும் பக்கங்கள். "எங்களதை ஏற்றவில்லை" என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

"ஐநூறு டைரக்டரி சப்மிஷன்" என்று பேக்கேஜ் விற்பவர்கள் அனுப்புவது இந்த மாதிரி டைரக்டரிகளுக்கே அல்ல. யாரும் பார்க்காமல் எதையும் ஏற்றிக்கொள்ளும் இணைப்புப் பண்ணைகளுக்கு. தரம் குறைந்த டைரக்டரி இணைப்புகளைக் கூகுள் தன் ஸ்பாம் கொள்கையில் பேர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. பதிலுக்கு உங்கள் சைட்டில் எங்கள் இணைப்பைப் போடுங்கள் என்று கேட்கும் டைரக்டரியும் அதே ஜாதி.

நீங்களே எடிட்டர் ஆகலாம்

கொங்கு நாட்டு ஊர்ப் பிரிவுகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று குறைபடுகிறவருக்கு இதுதான் நேரான வழி. விண்ணப்பத்தில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: நீங்கள் மாதிரியாகக் கொடுக்கும் இரண்டு மூன்று தளங்களும் அவற்றுக்கு எழுதும் விளக்கமும், உங்களுக்குத் தொடர்புள்ள தளங்களின் பட்டியல், ஏன் இந்தப் பிரிவு என்ற காரணம்.

சின்னப் பிரிவாகக் கேளுங்கள். சென்னிமலை, ஊத்துக்குளி, பவானி மாதிரி ஒரு ஊர். முதல் விண்ணப்பத்திலேயே கோவை முழுவதையும் கேட்டால் கிடைக்காது. மாதிரித் தளங்கள் அந்தப் பிரிவில் இன்னும் ஏறாதவையாக, ஒன்றுக்கொன்று வேறானவையாக இருக்கட்டும்: ஒரு கல்லூரி, ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், ஒரு கோயில். மூன்றுமே உங்கள் கஸ்டமர்களின் சைட்டாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. தொடர்புள்ள தளங்களை மறைக்கவே வேண்டாம். சைட்டின் அடியில் உள்ள "டிசைன் செய்தவர்" வரியிலேயே தெரிந்துவிடும். சொந்த சைட் இருப்பது குற்றம் இல்லை, மறைப்பதுதான் குற்றம்.

கிடைத்த பிறகு தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். டிமோஸ் இருந்த காலத்தில் நான்கு மாதம் ஒரு திருத்தமும் செய்யாவிட்டால் எடிட்டர் கணக்கு முடங்கிவிடும். குவியலின் மறுபக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தால், ஏன் பதில் வருவதில்லை என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். வந்தவற்றில் மிகப் பெரும்பகுதி குப்பை.

காத்திருக்காமல் செய்யக்கூடியவை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-லிருந்து தன்னார்வலர்கள் வரையும் உலக வரைபடம். அங்கே குவியல் கிடையாது, நீங்கள் சேமித்ததும் ஏறிவிடும். கணக்கு தொடங்கி, ஊரைப் பெரிதாக்கி, கட்டிடத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, கடையா தொழிற்கூடமா என்று வகையைத் தேர்ந்தெடுங்கள். பேர் பலகையில் உள்ளபடியே, தமிழ்ப் பேர் தனிப் புலத்தில், வெப்சைட், +91 சேர்த்து போன், திறந்திருக்கும் நேரம். ஏற்கெனவே யாராவது புள்ளி வைத்திருந்தால் அதையே திருத்துங்கள், இரண்டாவது வேண்டாம். கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுப்பது உரிமைப் பிரச்சினை, கூடாது. பேர் புலத்தில் விளம்பர வாசகத்தைத் திணித்தாலோ, ஒரே நாளில் கஸ்டமர்களின் நூறு கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினாலோ, மற்றவர்கள் அந்த மாற்றங்களை மொத்தமாக நீக்கிவிடுவார்கள். உங்கள் மாற்றத்தின் கீழ் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லாத கணக்கைத் தடுத்து வைக்கவும் கூடும்.

விக்கிப்பீடியா டைரக்டரி அல்ல. ஊர்க் கட்டுரையின் வெளி இணைப்புகளில் உங்கள் சைட்டைப் போட்டால் நீக்குவார்கள். திரும்பத் திரும்பப் போட்டால் டொமைனே தடைப்பட்டியலுக்குப் போகலாம். அது எல்லா விக்கிகளுக்கும் பொதுவான பட்டியல் என்றால், பிறகு எந்த மொழி விக்கியிலும் அதைச் சேர்க்க முடியாது. அந்த இணைப்புகளில் நோஃபாலோ குறி (இதைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்வது) இருப்பதால் தேடலுக்கென்று பெரிய லாபமும் இல்லை. வால்பாறையிலோ ஏற்காட்டிலோ லாட்ஜ் நடத்துகிறவருக்கு விக்கிப்பயணம் (Wikivoyage என்ற பயணக் கையேடு) பொருத்தமான இடம். தன் விடுதியைத் தானே சேர்க்க அங்கே அனுமதி உண்டு, வாசகம் மட்டும் புகழ்ச்சி இல்லாமல் இருக்க வேண்டும்.

ஏறிய பிறகு

டைரக்டரிகள் செத்த இணைப்புகளைத் தேடும் நிரல்களை ஓடவிடும். டிமோஸில் அதற்கு ரோபோசில்லா என்று பேர் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு நிரல் வரும் நாளில் சர்வர் படுத்திருந்தால் சைட் பட்டியலிலிருந்து இறங்கி மறுபடி எடிட்டரின் பார்வைக்குக் காத்திருக்கும். ஆகவே பழைய சைட்டைக் கலைத்துப் புதிது செய்யும்போது, முகப்பு முகவரி ஒரு நாள்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. டொமைன் மாறினால் பழையதைக் குறைந்தது ஒரு வருடம் புதுப்பித்து 301 திருப்பலில் வைத்திருங்கள். டைரக்டரியில் "தளத்தைப் புதுப்பி" படிவம் வழியாக மாற்றத்தைச் சொல்லுங்கள், புதிய பரிந்துரையாக அனுப்ப வேண்டாம்.

டொமைன் யார் பேரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். முன்னாள் டிசைனரின் இமெயிலில் பதிவாகி, அவர் ஊரை விட்டுப் போய், புதுப்பிக்கும் நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போய்க்கொண்டிருப்பது சகஜம். டாட் காம் டொமைன் காலாவதியானால் பதிவுக் கம்பெனியைப் பொறுத்துச் சில வாரச் சலுகைக் காலம் உண்டு. அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்கு அபராதக் கட்டணம். பிறகு 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய இணைப்புகள் உள்ள டொமைன்களைக் காத்திருந்து பிடிப்பவர்கள் உண்டு. பனியன் கம்பெனி முகவரியில் சூதாட்ட சைட் வந்து நிற்கும், எடிட்டர் அதைப் பார்த்ததும் நீக்குவார். பதிவை முதலாளியின் பேருக்கும் அவர் தினமும் பார்க்கும் இமெயிலுக்கும் மாற்றி, ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாகப் பணம் கட்டி, ரசீதை கம்பெனி கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.